இரட்டைக் கோடு

“கல்யாணத்துக்கு முன்னாடி உங்க மாமியாரை என்னன்னு கூப்பிடுவீங்க?”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மரபணு ஆலோசனைக்கு வரும் தாயிடம் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கேட்பேன். “சொந்தத்துல கல்யாணமா?” என்று நேராகக் கேட்டால் பலர் “இல்லை” என்றுவிடுவார்கள். ஏற்கெனவே எங்கோ ஒருவர் அதைக் கேட்டு, பதில் வந்ததும் உதட்டைப் பிதுக்கியிருப்பார். இந்தக் காலத்திலுமா என்று ஒரு வார்த்தையும் விட்டிருப்பார். அடுத்த இடத்தில் அந்தப் பெண் ஏன் வாயைத் திறக்கப்போகிறாள்? மாமியாரைப் பற்றிய கேள்வியில் அந்த வாடை இல்லை. “ஆயான்னுதான்” என்று பதில் வந்தால் விஷயம் முடிந்தது. அம்மாவின் அம்மாவே மாமியார், கட்டிக்கொண்டவர் தாய்மாமன். “அத்தைன்னு” என்றால் இன்னும் கொஞ்சம் தோண்டவேண்டும். அப்பா கூடப்பிறந்தவளும் அத்தை, தாய்மாமன் பெண்டாட்டியும் அத்தை.

என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் எங்கள் பக்கத்தினர். எங்கள் பக்கம் என்று நான் சொல்வது செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை, அங்கிருந்து கடலோரமாக வடக்கே தேவனேரி, பட்டிபுலம், நெம்மேலி, தெற்கே கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம். உட்பகுதியில் விவசாயக் குடும்பங்கள், கரையில் மீனவர் குப்பங்கள். இரண்டு இடத்திலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கூப்பிடு தூரத்துக்குள் முடிந்துவிடுவது வழக்கம். 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 28 விழுக்காட்டினர் ரத்த சொந்தத்தில் மணமானவர்கள் என்று வந்தது. இந்தியா முழுவதற்கும் அது 11. நாட்டிலேயே நாம்தான் முதல் வரிசை.

கேட்டபடியே குடும்ப மரத்தை வரைவேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவிக்கு நடுவே ஒரு கோடு. சொந்தத்தில் மணந்திருந்தால் இரண்டு கோடு. நோய் உள்ளவரின் குறியை நிரப்பிவிடுவோம். இறந்தவர்மேல் குறுக்கே ஒரு கோடு. கலைந்த கருவுக்குச் சின்ன முக்கோணம். எந்தக் குழந்தைக்காக வந்தார்களோ அதற்கு ஒரு அம்புக்குறி. உலகம் முழுக்க இதே குறிகள்தான். இப்போது கணினியில் வரைய நிரல்கள் உண்டு, பெரிய மையங்களில் அதில்தான் வரைகிறார்கள். எனக்குப் பென்சிலும் வெள்ளைத் தாளும் போதும், வேண்டுமென்றேதான். திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருக்கும் டாக்டரிடம் குடும்பக் கதை வராது. தாளை மேசையின் நடுவில் வைத்து வரைந்தால், கூட வந்த கிழவி எட்டிப் பார்த்து, “அந்தப் பொண்ணை உட்டுட்டியே, மூணாவதா ஒண்ணு பொறந்து பத்து நாள்ல பூடுச்சே” என்பாள். அந்தப் பத்து நாள் குழந்தைதான் பல நேரங்களில் நோயின் பெயரைக் காட்டிக் கொடுக்கும்.

அதனால் கிழவிகளை வெளியே உட்காரவைக்க நான் ஒப்புக்கொள்வதில்லை. தாய்க்குத் தன் அண்ணன் தம்பிகளைத்தான் தெரியும். தன் மாமியாருக்கு எத்தனை பிறந்தது, எத்தனை தங்கியது என்று தெரியாது. “எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டால் உயிரோடு இருப்பவர்களை மட்டும் எண்ணிச் சொல்வது நம் வழக்கம். “எத்தனை வாட்டி முழுகாம இருந்தீங்க?” என்று கேட்டால்தான் மற்றவையும் வரும். பிறகு ஒவ்வொன்றுக்கும்: அழுததா, பால் குடித்ததா, எத்தனையாவது நாளில் வலிப்பு வந்தது, உடம்பில் ஏதாவது வாடை இருந்ததா, தலை நின்றதா. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சாவைக் கூட ஆயாக்கள் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள்.

படம் முடிந்ததும் அதை அவர்கள் பக்கம் திருப்புவேன். நான் சொல்லவேண்டிய ஒன்றை அந்தத் தாள் எனக்கு முன்னால் சொல்லிவிடும். மேலே தாத்தாவும் ஆயாவும். அவர்களிடமிருந்து இறங்கும் ஒரு கோடு அவனுக்கு, ஒரு கோடு அவளுக்கு. இரண்டும் குழந்தையிடம் வந்து சேர்கின்றன. யார் வீட்டுக் குற்றம் என்று கேட்க அதில் இடமே இல்லை.

இந்தக் கேள்விதான் அறைக்குள் எப்போதும் உட்கார்ந்திருக்கும். வாய்விட்டுக் கேட்பது பெரும்பாலும் மாமியார், சில சமயம் கணவன், தனியாக வந்தால் அவளே கேட்டுக்கொள்வாள். ஒடுங்கிய வகை நோய் ஒருவரால் வருவது சாத்தியமில்லை என்பதை ஆற அமர விளக்கவேண்டும். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. வீட்டுக்கு இரண்டு சாவி இருப்பதுபோல. ஒன்று உடைந்தாலும் கதவு திறக்கும், உடைந்த சாவி இருப்பதே யாருக்கும் தெரியாது. இரண்டும் உடைந்த பிள்ளைக்குத்தான் நோய், ஒடுங்கிய வகை என்பது இதுதான். அப்படிப் பிறக்க அப்பா ஒன்று தந்திருக்கவேண்டும், அம்மா ஒன்று தந்திருக்கவேண்டும், சரிபாதி. இந்தச் சரிபாதி என்ற சொல் காதில் விழும்போது சில பெண்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்காகவே இந்த வேலையை விடாமல் செய்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு உடைந்த பிரதியைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு நோய், நாலில் இரண்டு பங்கு அப்பா அம்மா போலச் சுமப்பவர், நாலில் ஒரு பங்கு எதுவும் இல்லை. “அப்போ ஒண்ணு வந்திடுச்சு, இனிமே மூணுக்கு வராது, இல்லையா மேடம்?” இந்தக் கணக்கைப் பட்டதாரிகளும் போடுகிறார்கள். ஒவ்வொரு கர்ப்பமும் புதுக் கணக்கு. போன பிள்ளை அதற்குள் வருவதில்லை. அடுத்தடுத்து மூன்றுக்கு வந்த வீடும் உண்டு, ஒன்றுக்கும் வராமல் யாருக்கும் தெரியாமலே போன வீடுகள் அதைவிட நிறைய உண்டு.

சொந்தத்தில் மணப்பது புதிதாக எந்தக் கோளாறையும் உண்டாக்குவதில்லை. ஏறத்தாழ எல்லா மனிதருமே இப்படிச் சில உடைந்த பிரதிகளைச் சுமக்கிறோம், நானும்தான். அன்னியரை மணந்தால் அவர் சுமப்பது வேறு ஏதோ ஒரு மரபணுவில் இருக்கும். சொந்தத்தை மணந்தால் அதே பிழை, அதே ஆயாவிடமிருந்து இரு பக்கமும் வந்திருக்க வாய்ப்பு கூடுகிறது. எவ்வளவு கூடுகிறது என்பதைத் தாளிலேயே விரல்வைத்துக் காட்டலாம். ஆயாவிடம் ஒரு பிழை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அத்தை மகன், மாமன் மகள் என்றால் ஆயாவிலிருந்து ஒவ்வொருவருக்கும் இரண்டு படி. படிக்குப் பாதியாகக் குறைந்து அவனிடம் நாலில் ஒன்று, அவளிடம் நாலில் ஒன்று. இரண்டு பேரிடமும் இருக்க பதினாறில் ஒன்று, பிள்ளைக்கு இரண்டும் சேர அறுபத்து நாலில் ஒன்று. தாய்மாமன் என்றால் அவர் ஆயாவின் சொந்த மகன், ஒரு படிதான். பாதியும் காலும் சேர்ந்து எட்டில் ஒன்று, பிள்ளைக்கு முப்பத்திரண்டில் ஒன்று. சரியாக இரண்டு மடங்கு. அக்கா மகளைக் கட்டுவதும் மாமன் மகளைக் கட்டுவதும் ஒன்றே என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுக் காட்டுவேன்.

மொத்தத்தில் பார்த்தால்? சொந்தம் இல்லாத தம்பதிக்கும் கடுமையான பிறவிக் குறையோடு குழந்தை பிறக்க நூற்றுக்கு இரண்டு மூன்று வாய்ப்பு உண்டு. அத்தை மகன் மாமன் மகள் என்றால் அதோடு இன்னும் இரண்டு மூன்று சேரும். அதாவது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன. இதை மறைத்துப் பயமுறுத்தும் மேடைப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. “நாங்க பரம்பரை பரம்பரையா குடுத்து எடுக்கறோம், எல்லாம் நல்லாத்தானே இருக்கு” என்று பெரியவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுந்தர் ராவும் இன்பராஜும் தமிழ்நாட்டில் நடத்தி 1977இல் வெளியிட்ட பெரிய ஆய்விலும், சொந்தத்தில் மணந்தவர்களின் கருத்தரிப்பிலோ குழந்தை இழப்பிலோ குறிப்பிடும்படியான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் வயிற்றுப்போக்கும் அம்மையும் அள்ளிக்கொண்டு போன குழந்தைகளுக்கு நடுவே அரிய நோயில் போன ஒன்று தனியாகத் தெரிந்திருக்காது. 2020இல் தமிழ்நாட்டின் சிசு மரணம் ஆயிரத்துக்கு 13. கூட்டம் விலகிய பிறகு, மூலையில் நின்றவர் கண்ணுக்குத் தெரிகிறார்.

சட்டத்துக்கும் இதில் இரண்டு மனம். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் மாமனும் அக்கா மகளும், அண்ணன் தங்கை பிள்ளைகளும் மணப்பதைத் தடை செய்யப்பட்ட உறவு என்கிறது. வழக்கம் அனுமதித்தால் சரி என்றும் அதே மூச்சில் சொல்கிறது. நம் ஊரில் வழக்கம் அனுமதிக்கிறது. விஷயம் முடிந்தது.

மாணவர்களுக்குச் சொல்லித்தரும்போது வண்டலூர் உயிரியல் பூங்காவின் வெள்ளைப் புலியை உதவிக்கு அழைப்பேன். எல்லோரும் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தது அது. 1951இல் ரீவா மகாராஜா மார்த்தாண்ட் சிங் காட்டில் பிடித்த வெள்ளைக் குட்டிக்கு மோகன் என்று பெயர். சாதாரணப் புலி பேகத்தோடு சேர்த்தபோது பிறந்ததெல்லாம் சாதாரண நிறம். அதில் ஒரு மகள், ராதா. மோகனை அந்த ராதாவோடு சேர்த்தார்கள். 1958இல் வெள்ளைக் குட்டிகள் வந்தன. மகளிடம் ஒளிந்திருந்த ஒரு பிரதி அப்பாவின் பிரதியோடு சேர்ந்ததுதான் அது. நிறமிக்கான ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியதே காரணம் என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். அந்த நிறத்தோடு சேர்ந்து வரும் மாறுகண்ணைப் பற்றி வேடிக்கை பார்ப்பவர்கள் யாரும் கேட்பதில்லை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு வெள்ளைப் புலிகளில் தடம் மாறிப் போகிறது. இந்தக் கதை வகுப்பறையோடு சரி. நோயுற்ற பிள்ளையை மடியில் வைத்திருக்கும் பெற்றோரிடம் புலியைப் பற்றிப் பேசுவது அநாகரிகம்.

பெற்றோரிடம் வேறு பேச்சு இருக்கிறது. கிரகணத்தில் வெளியே போனது, நாகதோஷம், பங்காளி வைத்த செய்வினை. கல்பாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கூடுதலாக ஒன்று: “அணுமின் நிலையத்தாலதானே மேடம்?” இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்குவதில்லை. அதற்கும் தாளிலேயே பதில் இருக்கிறது. கல்பாக்கத்தின் முதல் உலை இயங்கத் தொடங்கியது 1983இல். நம் படத்தில் இரண்டு கோடுகளும் சேரும் இடத்தில் இருக்கும் ஆயா எந்த வருஷம் பிறந்தவள்? உலைக்கு இருபது முப்பது வருஷம் முன்னால். பிழை அவளிடமோ தாத்தாவிடமோ இருந்து இரண்டு கிளையிலும் இறங்கியது என்றால் உலை அதற்குப் பொறுப்பில்லை. கதிர்வீச்சைப் பற்றிய மற்றக் கேள்விகளுக்கு இது பதிலாகாது. அவை தனியாகக் கேட்கப்படவேண்டியவை. படத்தில் இருக்கும் குழந்தையின் நோய்க்கு மட்டும் இது பதில்.

செங்கல்பட்டில் உட்கார்ந்து பரம்பரை நோயைப் பற்றிப் பேசும்போது பக்கத்துத் திருமணி நினைவுக்கு வராமல் இருக்காது. 1924இல் லேடி வில்லிங்டன் பெயரில் அங்கே தொழுநோய் இல்லம் தொடங்கியது. 1955இல் அது மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனம் ஆனது. தொழுநோய் கிருமியால் வரும் நோய் என்று நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இலேயே காட்டியும், குலத்தில் ஓடும் நோய் என்று சொல்லி அந்தக் குடும்பங்களில் பெண் எடுக்காமல் தலைமுறைகள் ஒதுக்கினார்கள். குலத்தில் இல்லாத நோய்க்குக் குலத்தைத் தள்ளிவைத்தோம். உண்மையிலேயே மரபில் இறங்கும் நோயைத் தோஷம் என்று பரிகாரம் செய்தோம். நம் ஊர் வினோதங்களில் இதுவும் ஒன்று.

ஒற்றைக் கோடு போட்டுவிட்டால் கவலை இல்லை என்று நினைக்கவும் முடியாது. அதற்கு நல்ல உதாரணம் அல்காப்டோன்யூரியா. இந்த நோயோடுதான் மனித மரபியலில் ஒடுங்கிய நோய்கள் என்ற கதையே தொடங்கியது. லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரட் 1902இல் எழுதிய கட்டுரையில், கறுப்புச் சிறுநீர் போகும் இந்தக் குழந்தைகளின் பெற்றோரில் அத்தை மகன், மாமன் மகள் போன்ற நெருங்கிய உறவினர் அதிகம் என்று கவனித்தார். மெண்டலின் விதிக்கு இது பொருந்துகிறதே என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர் மரபியலாளர் பேட்சன். புரத உணவிலிருந்து வரும் ஹோமோஜென்டிசிக் அமிலத்தை உடைக்கும் நொதி இவர்களுக்கு வேலை செய்யாது. சிறுநீர் காற்றுப்பட்டால் கறுக்கும்; துணியில் கறை விழும். குழந்தைப் பருவத்தில் வேறு தொல்லை இருக்காது. முப்பது வயதுக்கு மேல் காது மடலும் கண்ணின் வெள்ளையும் கருநீலம் தட்டி, முதுகெலும்பும் மூட்டுகளும் தேய்ந்து இறுகும். உலகில் பெரும்பாலான இடங்களில் இரண்டரை லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக்கூட வராத இந்த நோய், தமிழ்நாட்டு நரிக்குறவர்களிடம் மிக அதிகமாக இருப்பதை ஓர் ஆய்வு 2014இல் காட்டியது. எல்லோரிடமும் ஒரே பிழை. என்றோ இருந்த ஒரு முன்னோரிடமிருந்து இறங்கியது.

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடியிருப்பு இருக்கிறது. கோயில் அன்னதானத்தில் உட்காரவிடவில்லை என்று அங்கிருந்து ஒரு பெண் குரல் எழுப்பியதும், 2021 நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சர் அங்கே போய்ப் பட்டா வழங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு குடியிருப்புக்கு மருத்துவ முகாமுக்குப் போனால், “கொழந்தை துணி கறுக்குதா?” என்று கேட்காமல் நான் திரும்பமாட்டேன். சின்னச் சமூகம், வெளியே பெண் கொடுக்க மாட்டார்கள், வெளியாரும் எடுக்கமாட்டார்கள். கணவனும் மனைவியும் “எங்களுக்குள்ள சொந்தம் இல்லை” என்று சொல்வது மூன்று தலைமுறை வரைக்கும் உண்மையாக இருக்கலாம். பத்தாவது தலைமுறையில் கோடு சேர்ந்துவிடும். இங்கே குறை உறவில் மணந்ததில் மட்டும் இல்லை. அவர்களைச் சுற்றி மற்றவர்கள் போட்ட வேலியும் இதில் பங்காளிதான்.

அதை ஒரு சமூகத்தின் தலையில் மட்டும் கட்டவும் வேண்டாம். ஆரிய வைசியர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சையின்போது கொடுக்கும் சக்சினைல்கோலின் மருந்து உடைவதில்லை. சில நிமிடத்தில் தெளியவேண்டிய தசைத் தளர்வு மணிக்கணக்கில் நீடிக்கும். அதுவும் ஒடுங்கிய பிழைதான். விவரம் தெரிந்த மயக்க மருத்துவர்கள் கேட்டுவிட்டுத்தான் ஊசி போடுகிறார்கள். ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு நிறுவன விஞ்ஞானிகளும் ஹார்வர்டு குழுவும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, தெற்காசியாவில் இப்படித் தமக்குள்ளேயே மணந்து ஒரு சில முன்னோரின் பிழைகளைப் பெருக்கிக்கொண்ட குழுக்கள் ஏராளம். சாதிக்குள் மட்டும் மணப்பது என்பது மெதுவாக நடக்கும் சொந்தக் கல்யாணம். சொந்தத்தில் கட்டாதே என்று அறிவுரை சொல்லிவிட்டு அதே சாதியில் வரன் தேடித் தருபவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

இரட்டைக் கோட்டைப் பார்த்ததும் எல்லாவற்றுக்கும் அதையே காரணம் சொல்வதும் தப்பு. டவுன் நோய்க்கும் சொந்தத்தில் மணந்ததற்கும் தொடர்பில்லை. டூஷேன் தசைநலிவு எக்ஸ் குரோமோசோம் வழியாகப் பெரும்பாலும் அம்மாவிடமிருந்து மகனுக்கு வருவது. அக்காவுக்கு டவுன் நோய்க் குழந்தை பிறந்தது என்று தங்கையின் மாமன் மகன் சம்பந்தத்தைக் கலைத்த வீடுகள் உண்டு. தேவையில்லாத பயம் அது. நோயின் பெயர் தெரியாமல் ஆலோசனை இல்லை.

பெயர் தெரிந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குக் கனெக்சின் 26 மரபணுவில் பிழை என்று தெரிந்ததாக வைத்துக்கொள்வோம். அந்தக் குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் கிடைக்கும். ஆறு வயதுக்குள் போனால். அதற்கு மரபணு முடிவு தேவையில்லை. அடுத்துப் பிறக்கும் தம்பிக்குத்தான் அது தேவை. பிறந்த சில நாளிலேயே காதைச் சோதித்துவிட்டால் அவன் ஒரு வருஷம்கூட இழக்கமாட்டான். தலசீமியா, தண்டுவடத் தசைநலிவு போன்றவற்றுக்குப் பெற்றோர் விரும்பினால் கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம். பாதித்த சிசு என்று தெரிந்தால் என்ன செய்வது என்பது அவர்கள் முடிவு. அதில் என் கருத்தைச் சொல்லக் கூடாது என்று தொழில் சொல்கிறது, “நீங்க எங்க இடத்துல இருந்தா?” என்று அவர்கள் கேட்காத நாளில்லை.

ஆனால் இந்த வேலையின் அதிகப் பலன் அந்தத் தம்பதிக்குக்கூட இல்லை. படத்தில் பக்கவாட்டில் நிற்கும் சதுரங்களுக்கும் வட்டங்களுக்கும்தான். குழந்தையின் சித்தப்பா, சித்தி, மாமா, இன்னும் கல்யாணம் ஆகாதவர்கள். அவர்களில் சராசரியாகப் பாதிப் பேர் சுமப்பவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கும் வீட்டிலேயே சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பார்கள், நிலம் பிரியக் கூடாது, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், வரதட்சணை கேட்கமாட்டார்கள் என்று. அந்தக் காரணங்கள் எனக்குப் புரிகின்றன, கிண்டல் செய்யமாட்டேன். ஒரு பெண்ணுக்குத் தன் ஆயா வீட்டில் வாழ்வது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை மரபியல் புத்தகம் சொல்லாது. கல்யாணத்தை நிறுத்து என்பதைவிட, தாம்பூலம் மாற்றும் முன் இரண்டு பேருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை என்பதுதான் இங்கே எடுபடும். இரண்டு பேரில் ஒருவரிடம் பிழை இல்லை என்றால் அந்த நோயைப் பொறுத்தவரை மாமன் மகளாக இருந்தாலும் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம்.

அதற்கு ஒன்றே ஒன்று வேண்டும், முதல் குழந்தையின் பரிசோதனை முடிவு. அதில் மரபணுவின் பெயருக்குப் பக்கத்தில் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி இருக்கும். அந்த வரி கையில் இருந்தால் உறவினர்களிடம் அதை மட்டும் தேடினால் போதும். செலவு வெகுவாகக் குறையும். இல்லையென்றால் எல்லாம் முதலிலிருந்து. குழந்தை இறந்துவிட்டால் அந்தத் தாளைக் கிழித்துப் போடுகிறார்கள், துணிமணியோடு சேர்த்து. தயவுசெய்து வேண்டாம். குழந்தை பிழைக்காது என்று டாக்டர் சொல்லும் நிலையில் இருந்தால், இரண்டு மில்லி ரத்தத்தை ஈடிடிஏ குழாயில் எடுத்து மரபணுச் சோதனைக்கு வைக்கும்படி நீங்களே கேளுங்கள். அப்புறம் அது கிடைக்காது. முடிவு வந்ததும் நகல் எடுத்து, அம்மா வழியிலும் அப்பா வழியிலும் கல்யாண வயதில் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று கொடுத்துவிடுங்கள்.